காரைக்குடி வட்டாரத்தில் குறைந்த செலவில் நீந்த இடம் தேடுவது எப்படி?

பணி மாறுதலில் வங்கிக் கிளைக்கோ, ஆய்வுக்காக மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கோ, படிப்புக்காக அழகப்பா பல்கலைக்கழகத்துக்கோ காரைக்குடி வந்து சேரும் ஒருவர், முன்பிருந்த ஊரில் வாரத்துக்கு மூன்று நாள் நீந்திப் பழகியவராக இருந்தால், வீடு பார்த்து, எரிவாயு இணைப்பை மாற்றி முடித்ததும் அடுத்ததாகக் கேட்கும் கேள்வி 'இங்கே எங்கே நீந்தலாம்?' என்பதாகத்தான் இருக்கும். அதற்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். ஒருவர் தம் ஊர்க் கம்மாயையும் கிணற்றையும் சொல்வார். இன்னொருவர் கானாடுகாத்தான் பக்கத்துச் சொகுசு விடுதிகளைச் சொல்வார். முன்னதில் செலவு இல்லை, ஆனால் பாதுகாப்பும் இல்லை. பின்னது பாதுகாப்பானது, ஆனால் மாதச் சம்பளக்காரர் வாரம் மூன்று முறை போய்வரக் கூடியதாகத் தோன்றாது. இவ்விரண்டுக்கும் நடுவே, வளர்ந்த ஒருவர் யாருக்கும் இடைஞ்சலின்றி முக்கால் மணி நேரம் போகவர நீந்தக் கூடிய இடத்தைக் கட்டுப்படியாகும் செலவில் கண்டுபிடிப்பதற்கான வழி இக்கட்டுரையில் சொல்லப்படுகிறது. நீச்சல் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டுள்ளது. புதிதாகக் கற்பவர்களுக்குப் பயிற்றுநரே முதல் தேவை என்பதால் அவர்கள் தேட வேண்டிய முறை சற்று வேறு.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வட்டாரத்தில் நீச்சல் குளங்கள் அறவே இல்லை என்பது சரியன்று. இருக்கும் குளங்கள் எதற்காகக் கட்டப்பட்டனவோ அந்தப் பயன்பாட்டின் நேரம் போக, மீதி நேரத்தில் அவை வெறுமனே கிடக்கின்றன. பள்ளிக் குளம் மாணவர்களுக்காகவும், விடுதிக் குளம் தங்கும் விருந்தினருக்காகவும், ரிசார்ட் குளம் ஞாயிற்றுக்கிழமைக் குடும்பங்களுக்காகவும் இருக்கிறது. பெரியவர்களின் தொடர் நீச்சலுக்கென்று யாரும் குளம் கட்டவில்லை. ஆகவே, அந்த வெற்று நேரம் எது என்று கண்டறிந்து அதைக் கேட்டுப் பெறுவதுதான் உங்கள் வேலை.

முதலில் உங்கள் தேவையை எழுதிக்கொள்ளுங்கள்

விசாரிக்கப் போகும் முன், வாரத்தில் எத்தனை நாள், எந்த நேரத்தில், எவ்வளவு தூரம் நீந்த விரும்புகிறீர்கள் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் நீந்த, 50 மீட்டர் குளத்தில் 20 நீளம் போதும். 25 மீட்டர் குளத்தில் 40 நீளம் வேண்டும். 20 மீட்டரில் 50. விடுதிகளில் வழக்கமாகக் காணும் 12 மீட்டர் குளத்தில் 84 நீளம் ஆகிவிடும். குளம் குறுகக் குறுக, நீந்துவதைவிடத் திரும்புவதும் சுவரை உதைத்து மிதப்பதும் கூடிவிடுகின்றன. ஒவ்வொரு உதைப்பிலும் மூன்று நான்கு மீட்டர் சும்மாவே போய்விடும் என்பதால், 12 மீட்டர் குளத்தில் ஒரு நீளத்துக்கு ஆறேழு கைவீச்சுக்கு மேல் கிடைக்காது. என் கணிப்பில் 15 மீட்டருக்குக் குறைவான குளத்தில் தொடர் நீச்சலுக்கென மாதச் சந்தா கட்டுவது வீண். இழுவைப் பட்டை வைத்து நீந்துவது அதற்கு விலக்கு. அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

விளம்பரங்களில் குளத்தின் நீளத்தைப் போடுவதில்லை. தொலைபேசியில் கேட்டால் 'பெரிய குளம்தான் சார்' என்ற பதிலே வரும். நேரில் போய் அளப்பதே நல்லது. குளத்தின் ஓரத்தில் பதித்த ஓட்டின் அகலத்தை ஒரு முறை அளந்து, நீளவாக்கில் உள்ள ஓடுகளை எண்ணிப் பெருக்கினால் சரியான அளவு கிடைத்துவிடும். அது முடியாவிட்டால் ஓரமாக நடந்து பாருங்கள். சராசரி உயரமுள்ளவரின் ஓர் எட்டு ஏறத்தாழ முக்கால் மீட்டர் என்பதால், 20 எட்டு வந்தால் 15 மீட்டர் என்று கொள்ளலாம். வடிவமும் முக்கியம். அவரை விதை போல வளைந்த குளம் படத்தில் அழகாக இருக்கும்; அதில் நேராக நீந்தக்கூடிய நீளம், சொல்லும் நீளத்தில் பாதிகூட வராது.

எங்கெங்கே விசாரிப்பது

முதலில் போக வேண்டியது கல்லூரிச் சாலைப் பக்கம். அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக் கல்லூரி உள்ளது. இந்த வட்டாரத்தின் நீச்சல் பயிற்றுநர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள் பலரை அங்கே படித்தவர்களும் கற்பிப்பவர்களும் அறிந்திருப்பார்கள் என்பதால், குளம் பற்றிய கேள்வியோடு ஆள் பற்றிய கேள்வியையும் அங்கேயே கேட்கலாம். எந்தப் பள்ளியில் குளம் இயங்குகிறது, எங்கே தண்ணீரை ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள், எந்தக் குளம் கட்டியதோடு கிடக்கிறது என்பதெல்லாம் இணையத் தேடலில் கிடைப்பதைவிட ஓர் உடற்கல்வி ஆசிரியரிடம் பத்து நிமிடம் பேசினால் தெளிவாகத் தெரியும். பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ நீங்களே பணியாளராகவோ மாணவராகவோ இருந்தால், விளையாட்டு வசதிகள் பற்றி உங்கள் அலுவலகத்திலேயே எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, அரசின் விளையாட்டுத் துறை. 1992இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாநிலத்தின் பல நகரங்களில் நீச்சல் குளங்களை நடத்துகிறது. பொதுமக்கள் கட்டணம் செலுத்தி நீந்தக் கூடிய இடங்களில் இவையே பெரும்பாலும் மலிவானவை. புதிதாக வருபவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செட்டிநாடு என்பது நிர்வாகக் கணக்கில் ஒரே மாவட்டம் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், கல்லல், கானாடுகாத்தான் ஆகியவை சிவகங்கை மாவட்டத்தில் வருகின்றன. கடியாபட்டி, இராயவரம், கோனாப்பட்டு, பொன்னமராவதி ஆகியவை புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தவை. இரு மாவட்டத் தலைநகரங்களுமே காரைக்குடியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக் கூடியவை. ஆகையால் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரின் அலுவலகம் உங்களுக்கு ஒன்றன்று, இரண்டு. இரண்டிலும் கேளுங்கள். குளம் இப்போது இயங்குகிறதா, பெரியவர்களுக்குத் தனி நேரம் உண்டா, ஒருமுறைக் கட்டணம் எவ்வளவு, மாதக் கட்டணம் எவ்வளவு, ஜிஎஸ்டி அதில் சேர்ந்ததா என்ற ஐந்தையும் ஒரே மூச்சில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு யாரோ சொன்ன தகவலை நம்பிப் பேருந்து ஏறாதீர்கள். திறந்தவெளிக் குளங்களில் பழுதுபார்ப்பு என்று பல மாதம் மூடிவைப்பது வழக்கமாக நடப்பதுதான்.

மூன்றாவது, நீச்சல் குளம் உள்ள தனியார் பள்ளிகள். நகரத்தை ஒட்டிய பெரிய பள்ளிகளில் குளம் இருப்பதுண்டு. வளாகத்துக்குள் வெளியாரை, அதிலும் குழந்தைகள் இருக்கும் நேரத்தில், விடத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆகவே பள்ளி நேரத்துக்கு முந்தைய காலையையோ, மாலை ஆறுக்குப் பிந்தைய நேரத்தையோ மட்டும் கேளுங்கள். உங்கள் பிள்ளை அங்கேயே படிக்கிறது என்றால் பெற்றோர் என்ற முறையில் கேட்பது இன்னும் எளிது.

நான்காவது, பாரம்பரிய விடுதிகள். கானாடுகாத்தானில் விசாலம், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், காரைக்குடியில் தி பங்களா ஆகியவற்றில் நீச்சல் குளம் உண்டு. இவை முதன்மையாகத் தங்கும் விருந்தினருக்கானவை. வெளியாரை அனுமதிப்பதும் மறுப்பதும் அந்தந்த விடுதியின் விருப்பம் என்பதால், உரிமையோடு கேட்கக் கூடாது. ஆனால் கேட்காமலே 'நமக்கெல்லாம் எங்கே' என்று விட்டுவிடவும் வேண்டியதில்லை. இந்தப் பெயர்பெற்ற விடுதிகள் தவிர, நெடுஞ்சாலை ஓரங்களில் குளத்தோடு கூடிய சிறு ரிசார்ட்டுகளும் பண்ணை வீடுகளும் உள்ளன. பேரம் பேச இடமிருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

எந்த மாதத்தில், எந்த நேரத்தில்

செலவு குறைவதும் கூடுவதும் பெரிதும் இதைப் பொறுத்ததே. செட்டிநாட்டுச் சுற்றுலாவின் பருவம், வெயில் தணிந்த நவம்பர் முதல் மார்ச் வரை. அந்த மாதங்களில் விடுதிகளில் வெளிநாட்டுப் பயணிகள் நிறைந்திருப்பார்கள். உங்கள் கோரிக்கையை யாரும் காதில் வாங்கமாட்டார்கள். ஏப்ரல் பாதிக்குமேல் அனல் பறக்கத் தொடங்கியதும் அறைகள் காலியாகின்றன. குளத்தைச் சுத்தம் செய்யும் செலவோ, பம்பு ஓடும் மின்கட்டணமோ மட்டும் குறைவதில்லை. அப்போதுதான் நிர்வாகி உங்கள் பேச்சைக் கேட்பார்.

பயிற்சிக் குளங்களும் பள்ளிக் குளங்களும் இதற்கு நேர்மாறானவை. முழுஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே கோடைக்காலப் பயிற்சி வகுப்புகள் தொடங்கி, ஜூன் முதல் வாரம் வரை ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட்ச் என்று பிள்ளைகள் குவிவார்கள். அந்த நேரத்தில் நேராக நாலு கை வீசி நீந்த முடியாது. அதே குளம் ஜூலைக்குப் பிறகு, குறிப்பாக வேலைநாட்களின் காலையில், ஆளற்றுக் கிடக்கும். ஆக, ஏப்ரல் முதல் ஜூன் வரை விடுதிக் குளம், ஜூலையிலிருந்து பயிற்சிக் குளம் என்று ஆண்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் கூட்டமும் குறையும், கட்டணமும் குறையும். ஒரே இடத்தில் ஆண்டுச் சந்தா கட்டும்படி வற்புறுத்துபவர்களிடம் மூன்று மாதத்துக்கு மட்டும் கட்டுவதாகச் சொல்லிப் பாருங்கள்; முதலில் முகம் சுளித்தாலும் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள்.

ரிசார்ட் பக்கம் போகிறவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி நாட்காட்டியையும் பார்த்துக்கொள்வது நல்லது. முகூர்த்த நாள் என்றால், அதற்கு முந்தைய நாள் மாலையிலிருந்தே மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள் குளத்தில் இறங்கியிருப்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் அந்தத் தொல்லை இராது. நகரத்துக்குள் மாசி, பங்குனியில் முத்துமாரியம்மன் கோயில் திருவிழா நடக்கும் நாட்களில் பால்குடக் கூட்டத்தால் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். மீனாட்சிபுரம் வழியாகப் போக வேண்டியவர்கள் அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை ஆறு முதல் ஏழு வரையே எல்லா வகையிலும் சிறந்தது. இரவெல்லாம் பம்பு ஓடித் தண்ணீர் தெளிந்திருக்கும், வெயில் இராது, விருந்தினர் எழுந்திருக்கமாட்டார்கள். கோடையில் பிற்பகல் நாலு மணிக்குத் திறந்தவெளிக் குளத்தில் இறங்கினால் தண்ணீர் வெந்நீராக இருக்கும். போட்டிக் குளங்களில் நீரின் வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்பது விதி. நம் ஊர் மே மாத வெயிலில் ஆழமில்லாத குளம் அதை எளிதில் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் வேகமாக நீந்தினால் தலைசுற்றல் வரும். தண்ணீருக்குள் இருந்தாலும் உடல் வியர்ப்பதால், குடிக்கத் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தல்

மாதக் கட்டணம் குறைவாகத் தெரிகிறது என்று உடனே பணம் கட்டிவிடாதீர்கள். ஒருமுறை நீந்துவதற்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். கணக்குக்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: ஊருக்கு வெளியே 15 கிலோமீட்டர் தள்ளி உள்ள குளத்தில் மாதம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 12 நாள் போனால் ஒரு தடவைக்கு 125 ரூபாய். போகவர 30 கிலோமீட்டருக்கு இருசக்கர வாகனத்தில் பெட்ரோல் ஏறத்தாழ 60 ரூபாய். ஆக 185. நகருக்குள்ளேயே, செக்காலைப் பக்கத்தில் ஒரு குளத்தில் ஒருமுறைக்கு 150 ரூபாய் கேட்டால், முதல் பார்வையில் அது அதிகமாகத் தோன்றும். கணக்கில் அதுவே மலிவு. வேலை நெருக்கடியில் 12 நாள் 7 நாளாகக் குறைந்துவிட்டால் வித்தியாசம் இன்னும் கூடும். முதல் மாதம் எங்கே சேர்ந்தாலும் ஒருமுறைக் கட்டணத்திலேயே போய்வந்து, நாம் உண்மையில் எத்தனை நாள் போகிறோம் என்று தெரிந்த பிறகு சந்தாவுக்கு மாறுவதே அறிவுடைமை.

ரிசார்ட்டுகள் 'நாள் முழுதும்' என்று ஒரு தொகை சொல்லும். அதில் மதியச் சாப்பாடும், விளையாட்டுகளும், சில இடங்களில் மழை நடனமும் சேர்ந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது முக்கால் மணி நேரத் தண்ணீர்; கோழிக் குழம்புக்கும் சேர்த்து ஏன் பணம் கட்ட வேண்டும்? குளத்துக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த பகுதியில் சொல்லும் வழியே மிஞ்சுகிறது.

ஐந்தாறு பேராகச் சேர்ந்து கேட்டல்

நான் பார்த்தவரை செட்டிநாட்டில் மிகக் குறைந்த செலவில் நீந்துபவர்கள், தனி ஆளாகப் போகாமல் ஒரு சிறு குழுவாகப் போய் ஒரு மணி நேரத்தை மொத்தமாகப் பேசிக்கொண்டவர்கள்தாம். ஒருவர் வந்து மாதம் இவ்வளவு தருகிறேன் என்றால் நிர்வாகிக்கு அது தொல்லை. அதற்காக ஓர் ஆளை விடியற்காலையில் வரச்சொல்ல வேண்டும். ஆறு பேர் சேர்ந்து திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு முதல் ஏழு வரை மட்டும் என்று கேட்டால், அது அவருக்கு ஒரு நிலையான வருமானம்.

ஆள் சேர்ப்பது கடினமில்லை. உங்கள் அலுவலகத்தில் ஒருவர், உடற்பயிற்சிக் கூடத்தில் முழங்கால் வலியால் ஓட முடியாமல் தவிக்கும் ஒருவர், மருத்துவர் நீந்தச் சொன்ன முதுகுவலிக்காரர் ஒருவர், சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து வீட்டிலிருந்தபடி வேலை பார்க்க ஊர் திரும்பிய இளைஞர் ஒருவர் என்று தேடினால் கிடைப்பார்கள். எல்லாருக்கும் நீச்சல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அரைகுறையாக இருந்தாலும் மற்ற ஐவரின் கவனமும் அவர்மேலேயே இருக்கும்.

நிர்வாகியிடம் பேசும்போது அவருக்குள்ள அச்சங்களை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது பயன் தரும். 'அண்ணே, நாங்க குடும்பத்தோடு விளையாட வரவில்லை. காலை ஆறு மணிக்கு வருவோம், குளித்துவிட்டுத்தான் இறங்குவோம், நீச்சல் உடை போட்டிருப்போம், ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவோம். படம் எடுக்கமாட்டோம், வெளியாளைக் கூட்டி வரமாட்டோம். மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே தந்துவிடுகிறோம்' என்று சொன்னால், பெரும்பாலும் 'முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்ற பதில் வரும். முதலாளி கோலாலம்பூரிலோ சென்னையிலோ இருப்பார். பத்து நாள் கழித்து மீண்டும் போய்க் கேளுங்கள். வேண்டுகோளை ஒரு பக்கத் தாளில் எழுதி, ஆறு பேரின் பெயரும் பணியிடமும் குறித்துக் கொடுத்திருந்தால், அந்தத் தாள் வாட்ஸ்அப்பில் முதலாளிக்குப் போய்விடும். வாய்ச் சொல்லைவிட அதற்கு மதிப்பு அதிகம். அனுமதி கிடைத்ததும் நாள், நேரம், தொகை, குளம் மூடப்பட்டால் என்ன ஏற்பாடு என்ற நான்கையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு இந்தக் குழு முறை இன்னும் கூடுதலாகப் பயன்படும். பெண்களுக்கான தனி நேரம் பல குளங்களில் பெயரளவுக்குத்தான் உள்ளது, அதுவும் காலை பத்து மணி போல வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒவ்வாத நேரத்தில். ஐந்து பெண்கள் சேர்ந்து கேட்டால் காலை நேரத்தில் வாரம் இரண்டு நாளாவது தனியே ஒதுக்கச் செய்யலாம். இடத்தைப் பார்க்கப் போகும்போது, அந்த நேரத்தில் பெண் பணியாளர் ஒருவர் இருப்பாரா, உடை மாற்றும் அறையில் தாழ்ப்பாள் சரியாக உள்ளதா, பக்கத்துக் கட்டட மாடியிலிருந்தோ வண்டி நிறுத்துமிடத்திலிருந்தோ குளம் கண்ணுக்குத் தெரிகிறதா என்பவற்றைக் கவனியுங்கள். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடைகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. அவற்றை எந்தக் குளத்திலும் மறுப்பதற்குக் காரணம் இல்லை. பருத்திச் சட்டையையும் நைட்டியையும் மறுப்பதற்குத்தான் காரணம் உண்டு: நூல் பிரிந்து வடிகட்டியில் அடைக்கும், நனைந்தால் கனத்து அணிந்தவரையும் கீழே இழுக்கும்.

தண்ணீரைச் சோதித்தல்

மலிவான குளத்தைத் தேடும்போது எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம், தண்ணீரை விட்டுக்கொடுக்கக் கூடாது. கரையில் நின்று பார்க்கும்போது மிக ஆழமான பகுதியின் தரையில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அன்றைக்கு இறங்க வேண்டாம்; மூழ்கிக் கிடப்பவரும் அந்தத் தண்ணீரில் தெரியமாட்டார். ஓரச் சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் பாசி பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

மூக்கைத் துளைக்கும் குளோரின் நெடியைச் சுத்தத்தின் அடையாளமாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மை வேறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேரும்போது உண்டாகும் குளோரமின்களே அந்த நெடிக்கும் கண் எரிச்சலுக்கும் காரணம். நன்றாகப் பராமரிக்கப்படும் குளத்தில் நெடி மெல்லியதாகவே இருக்கும். குளிக்காமல் யாரையும் இறங்கவிடாத குளத்தில் மருந்துச் செலவும் குறையும். உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சியே குளோரின் எடுக்கிறார்கள் என்பதால், மின்வேதியியலுக்கென 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தந்து உருவான ஆய்வு நிறுவனம் உள்ள ஊரில், இதை விளக்கிச் சொல்ல ஆள் கிடைப்பது அரிதில்லை. உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால், சோதனைத் தாள் வாங்கும் பொறுப்பை அவரிடம் விட்டுவிடுங்கள். லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரினும், 7.2 முதல் 7.8 வரை பிஎச் அளவும் இருந்தால் போதும். மாதம் இரண்டு முறை நீங்களே சோதிப்பது தெரிந்தால், பராமரிப்பவரும் சற்று விழிப்பாக இருப்பார்.

பாதுகாப்பு ஏற்பாடுகளில், ஆழம் எழுதப்பட்டிருக்கிறதா, கரையில் மிதவை வளையமும் நீண்ட கழியும் உண்டா, பணியில் இருப்பவருக்கு நீந்தத் தெரியுமா என்ற மூன்றும் கட்டாயம். கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். கேட்டுப் பாருங்கள், வரும் பதில் சில இடங்களில் திகைக்க வைக்கும். நீருக்குள் விளக்கு எரியும் குளமானால், மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவி பொருத்தப்பட்டுள்ளதா என்றும் கேட்டுவிடுங்கள்.

கம்மாய், கிணறு, ஊருணி

இவற்றைச் சொல்லாமல் விட்டால் உள்ளூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். இந்த வட்டாரத்தில் நடுவயதைத் தாண்டிய பலரும் முதுகில் சுரைக்குடுவையோ காலி எண்ணெய் டின்னோ கட்டிக் கிணற்றில் தள்ளிவிடப்பட்டு நீந்தக் கற்றவர்களே. இருந்தும், புதிதாக வந்தவர்கள் தொடர் நீச்சலுக்கு இவற்றை நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து.

செட்டிநாட்டு ஊர்களின் நடுவே செம்பாறாங்கல் படிக்கட்டோடு அழகாகத் தெரியும் ஊருணிகள் குடிநீருக்காக வெட்டப்பட்டவை. பல ஊர்களில் இன்றும் அதில் கால் நனைக்கவே விடமாட்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டை மதிப்பது வெளியூர்க்காரரின் கடமை. கம்மாய்களில் சவுடு மண் அள்ளிய குழிகள் நீருக்கடியில் மறைந்திருக்கும்; இடுப்பளவுத் தண்ணீர் ஓர் எட்டில் ஆளை மூழ்கடிக்கும் ஆழமாகிவிடும். சீமைக்கருவேல முள் அடியில் கிடக்கும். மடை திறந்திருக்கும்போது அதன் அருகே நீரின் இழுப்பு நீந்தத் தெரிந்தவரையும் வாங்கிவிடும். தோட்டக் கிணற்றில் மோட்டார் கம்பியின் மின்கசிவும், இடிந்த படிகளும் ஆபத்து. அதன் விட்டத்துக்குள் நீளவாக்கில் நீந்தவும் வழியில்லை. போதாததற்கு, கோடையில் வற்றிச் சூடேறித் தேங்கிய நீரில் மூக்கு வழியே நுழைந்து மூளையைத் தாக்கும் அமீபா இருக்கக்கூடும்; 2024இல் கேரளத்தில் அதனால் உயிரிழப்புகள் நேர்ந்தன. நண்பர் வீட்டுக் கிணற்றில் ஒரு நாள் ஆசைக்குக் குதிப்பது உங்கள் விருப்பம். அப்போதும் கரையில் கயிற்றோடு ஒருவர் நிற்க வேண்டும்.

சிறிய குளமே கிடைத்தால்

பலருக்கும் கடைசியில் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு மீட்டர் விடுதிக் குளமாகவே இருக்கும். அப்போது இழுவைப் பட்டை கைகொடுக்கும். நீண்டு சுருங்கும் ரப்பர்க் கயிற்றின் ஒரு முனையை இடுப்பு வாரில் மாட்டி, மறுமுனையைக் கரையில் அசையாத தூணில் கட்டிவிட்டால், நகராமல் ஒரே இடத்தில் எவ்வளவு நேரமும் நீந்தலாம். கைப்பிடி ஏணியில் கட்டுவதாக இருந்தால் அது ஆடுகிறதா என்று முதலில் உலுக்கிப் பாருங்கள். தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கணக்கிட வேண்டும்: ஐந்து நிமிடம் நீந்தி ஒரு நிமிடம் ஓய்வு என்று ஐந்து சுற்று முடித்தால் நல்ல உழைப்புதான். பட்டையில் நீந்தும்போது இடுப்பு தாழ்ந்து கால் அமிழும். தொடைகளுக்கு நடுவே மிதவைக் கட்டையை வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். வாரம் ஒருமுறை இவ்வாறு, இன்னொரு முறை குறுக்கு மூலையாக நீந்துவது என்று மாற்றிக்கொண்டால் சலிப்பும் குறையும்.

நீண்ட குளத்தின் ருசி கண்டவர்கள் மாதம் ஒருமுறை மதுரையையோ திருச்சியையோ நினைத்துக்கொள்ளலாம். இரண்டும் காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர், மதுரையில் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்திலும், திருச்சியில் அண்ணா விளையாட்டரங்கத்திலும் ஆணையத்தின் நீச்சல் குளங்கள் உள்ளன. மருத்துவமனைக்கோ உறவினர் வீட்டு விசேஷத்துக்கோ எப்படியும் போக வேண்டிய நாளில் உடையையும் கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டால், அதற்கென்று தனிச் செலவு ஆகாது. ஒரு மணி நேர பேட்ச் முறையில் விடுவதால், எந்த நேரத்தில் பெரியவர்களை அனுமதிக்கிறார்கள் என்று முந்தைய நாளே தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சேரும் நாளும் அதன் பிறகும்

எங்கே சேர்ந்தாலும் ஆதார் நகல், இரண்டு புகைப்படம், தோல்நோயோ வலிப்போ இல்லை என்ற மருத்துவச் சான்று ஆகியவற்றைக் கேட்கக்கூடும், கையோடு வைத்திருங்கள். நைலான் அல்லது பாலியஸ்டர் உடை, தலைக்கு ஸ்விம்மிங் கேப், நீச்சல் கண்ணாடி, துண்டு, ரப்பர் செருப்பு இவை போதும். காது அடைப்பான், துடுப்பு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே தடத்தில் இருவருக்கு மேல் நீந்த வேண்டியிருந்தால், சாலையில் போவதுபோல இடப்பக்கமாகப் போய் இடப்பக்கமாகவே திரும்புவது என்று இறங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக வருபவர் பாதத்தைத் தொட்டால், சுவரை அடைந்ததும் நின்று அவருக்கு வழிவிட வேண்டும். சுவரின் நடுவில் நின்று பேசிக்கொண்டிருப்பவர்களை மட்டும் எந்த விதியாலும் திருத்த முடிவதில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை திறந்தவெளிக் குளங்களில் நாட்கள் வீணாகும். இடி கேட்டதும் எல்லாரும் வெளியேற வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே மீண்டும் இறங்கலாம். ஆகையால் அந்த மாதங்களுக்கான சந்தாவைக் கட்டும்போது, மழையாலோ பராமரிப்பாலோ குளம் மூடப்படும் நாட்களை அடுத்த மாதத்தில் சேர்த்துத் தருவார்களா என்று கேட்டு, ரசீதின் பின்புறத்தில் அதை எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் மார்கழி முடியும் வரை ஒருமுறைக் கட்டணத்திலேயே நீந்திவிட்டு, தை பிறந்த பின் சந்தா கட்டலாம்.